கதவுக்கு ஒரு பெருவிரல்

ஈட்டிமேட்டுக்கு மரம் அறுக்கிற பேண்ட்சா மெஷின் வாங்க வருகிறவர்கள் மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்பதற்கு முன்னால் உள்ளே யாருடைய விரல் இருக்கிறது என்று கேட்பார்கள், கேட்கவும் வேண்டும், கேட்காமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டு எட்டாம் நாள் திரும்பி வந்து கடை வாசலில் மண்ணை வாரித் தூற்றியவர்களை எங்கள் ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், பெண் பார்க்க வந்தவன் நடக்கச் சொல்லிப் பார்ப்பான், பேண்ட்சா வாங்க வந்தவன் விரலைக் கேட்பான், அவ்வளவுதான். என் பெயர் கொம்பையா. எந்த மெஷினுக்கு யாருடைய விரல் பொருந்தும் என்று பார்த்து, கொடுப்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைப்பது என் தொழில். எனக்குப் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன, ஏனென்றால் என் விரல்களுக்கு ஒரு வேலையும் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம்.

முதல் விரல் சொர்ணம் ஆசாரியுடையது. மலையடிவாரத்து மரமெல்லாம் எங்கள் ஊரில்தான் பலகையாகும், ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு மரமில் மேல்தான் விழவேண்டும், அப்படி ஒரு மில்லில் ஒரு புதன்கிழமை முன்மதியம் அவர் அயனிப் பலகையை அறுத்துக்கொண்டிருந்தபோது, மேலும் கீழும் இரண்டு சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற அந்தப் பட்டை பிளேடு பலகையோடு சேர்த்து அவருடைய மோதிர விரலையும் வாங்கிக்கொண்டது. ரத்தம் வரவில்லை, வலிக்கவும் இல்லை, மரத்தூளைச் சல்லடையில் போட்டுச் சலித்துப் பார்த்தும் விரல் கிடைக்கவில்லை. ஆசாரி ஒரு டீ குடித்துவிட்டு வந்து மிச்சப் பலகையை உள்ளே தள்ளியபோது மெஷின் அவர் அறுப்பது போலவே அறுத்தது, கணு வரும் இடத்தில் அவர் மூச்சை இழுத்து நிறுத்துவது போலவே நிறுத்தி, வளைவு வரும் இடத்தில் அவர் தோளைச் சாய்ப்பது போலவே லேசாகச் சாய்ந்து, கோட்டை விட்டு ஒரு நூல் விலகாமல் போய் முடிந்தது. மில் முதலாளி அதைப் பார்த்தார். அடுத்த வாரம் சொர்ணம் ஆசாரியை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார், விரல்தான் உள்ளே இருக்கிறதே.

டாக்டர் ஆசாரியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் காயமே இல்லையென்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். தொழிலாளர் துறையிலிருந்து வந்த அதிகாரி மெஷினைச் சுற்றி வந்து ரத்தக்கறையைத் தேடி, காணாமல், விபத்து ஏதும் நடக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். இரண்டு வருஷத்துக்குள் நல்ல ஆசாரிகள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்றிரண்டு விரல் குறைந்துவிட்டது, ஊரும் அதற்குத் தகுந்தபடி தன்னைத் திருத்திக்கொண்டது. சாமி கும்பிடும்போது ஒன்பது விரலால் கும்பிட்டால் ஏற்குமா என்று கோயிலில் பூக்கட்டிப் போட்டுக் கேட்டார்கள், வெள்ளைப் பூ வந்தது, ஏற்குமாம். பெருவிரல் கொடுத்த செல்லப்பாண்டிதான் ரேஷன் கடையில் ரேகை வைக்க விரல் இல்லாமல் மூன்று மாதம் அரிசி வாங்காமல் திரிந்தான், கடைசியில் ரேஷன் கடைக்காரரே மனமிரங்கி அந்த ரேகைக் கருவியைத் தூக்கிக்கொண்டு மில்லுக்கு வந்து மெஷினின் இரும்பு மேஜையில் ஒட்ட வைத்துப் பார்த்தபோது, பச்சை விளக்கு எரிந்து, செல்லப்பாண்டி என்று பெயரும் வந்தது. அன்றிலிருந்து மாதத்தின் முதல் செவ்வாய் அந்தக் கருவி மில் மில்லாகப் போகும், அதன் பின்னால் பெருவிரல் இல்லாதவர்கள் சாக்குப்பையோடு போவார்கள், பார்க்க சப்பரம் போவது போல இருக்கும்.

இப்படி இருந்த ஊருக்குத்தான் குற்றாலிங்கம் சார் குடிவந்தார். டெலிபோன் இலாகாவில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில், வீட்டு மாடியில் தகரக் கொட்டகை போட்டு அதில் மரவேலைக்கென்று ஒரு பட்டறை வைத்திருந்தார். ஜப்பான் உளி, ஜெர்மனி இழைப்புளி, சுவரில் ஒவ்வொரு சாமானுக்கும் அதன் படம் வரைந்து அதன்மேல் ஆணி. அதுவரை அவர் செய்து முடித்தது சாவி மாட்டும் பலகை ஒன்று, அதுவும் ஒரு பக்கம் சாய்ந்தது. நல்ல பேண்ட்சா ஒன்று இல்லாததுதான் குறை என்று அவர் முடிவு கட்டியிருந்தார், ஆடத் தெரியாதவளுக்கு முற்றம் கோணல் என்று அவர் மனைவி செண்பகவல்லி அம்மாள் அடுக்களையிலிருந்து சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவரிடம் நூறு பக்க நோட்டு ஒன்று இருந்தது. சக்கரம் பதினாலு அங்குலம் இருக்கவேண்டும், மேஜை வார்ப்பிரும்பாக இருக்கவேண்டும், சக்கரத்தின்மேல் போட்ட ரப்பர் வெடித்திருக்கக் கூடாது, பிளேடை இழுத்து முறுக்கும் திருகு வழுக்கக் கூடாது, மெஷின் ஓடும்போது மேஜைமேல் ஒரு ரூபாய் நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்தினால் விழக் கூடாது என்றெல்லாம் அதில் எழுதி வைத்துக்கொண்டு, சட்டைப்பையில் நாணயத்தோடு என்னைக் கூட்டிக்கொண்டு மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கினார். ஆவுடையப்பன் கடையில் மட்டும் ஒரு நாள் முழுக்க நின்றோம்.

"இது சாமிக்கண்ணு ஆசாரியோட ஆள்காட்டி வெரலு சார்," என்றார் ஆவுடையப்பன், மெஷினைத் தட்டிக்கொடுத்து. "நெலை, சன்னல் எல்லாம் வெண்ணெயில கத்தி போற மாதிரி போவும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மட்டும் ஓட்டாதிய."

"ஏன்?"

"ஆறு மணிக்கு மேல அவருக்குக் கை நடுங்கும். மேஜையில ரெண்டு சொட்டு பிராந்திய விட்டா நடுக்கம் நின்னுரும்."

குற்றாலிங்கம் சார் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த மெஷினுக்கு நகர்ந்தார். நாணயம் அசையாமல் நின்றது.

"இதுல என்ன கோளாறு?"

"ஒரு கோளாறும் கெடையாது. எந்தப் பலகையப் போட்டாலும் கால் அங்குலம் கொறச்சு அறுக்கும். அந்த மனுசன் துண்டுப் பலகைய வீட்டுக்குக் கொண்டு போயே பழகுனவரு."

மூன்றாவதாக ஓரத்தில் பச்சை வர்ணம் அடித்த ஒன்று இருந்தது, அழகான மெஷின். அது யாருடையது என்று சார் கேட்டதற்கு ஆவுடையப்பன் கொஞ்சம் தயங்கி, கல்லறைத் தோட்டத்துக்குப் பெட்டி செய்துகொண்டிருந்த ஆசாரியின் விரல் என்றும், நல்ல சுத்தமான அறுப்பு என்றும், ஆனால் முன்னால் நிற்கிற ஆளின் நீளத்துக்குத்தான் அறுக்கும் என்றும் சொன்னார். குற்றாலிங்கம் சார் இரண்டடி பின்னால் போனார்.

கடைசியில் பழைய மெஷின் எதுவும் வேண்டாம், எல்லாவற்றிலும் எவனோ ஒருவனுடைய கெட்ட பழக்கம் இருக்கிறது என்று சொல்லி, கோயம்புத்தூரிலிருந்து அன்றைக்கு லாரியில் வந்து இறங்கிய, விரல் படாத புது மெஷினைத் தேர்ந்தெடுத்தார். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் அதன்மேல் நாணயம் நின்றது. மெஷின் முடிந்தது, இனி விரல் பார்க்கவேண்டும், அது என் பாடு. ஆசாரிமார் வீடுகளுக்கு அவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போகும்போதுதான் கீழத்தெருவில் அவர் என் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார்.

கீழத்தெரு முழுக்கப் பீடி சுற்றுகிறவர்கள். வீட்டுக்கு வீடு வாசலில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், கண் ரோட்டில் இருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், கை தன்பாட்டுக்கு இலையில் அளவுத் தகட்டை வைத்து வெட்டி, புகையிலைத் தூளை வைத்து, உருட்டி, பெருவிரல் நகத்தால் முனையை மடக்கி, நூல் சுற்றிப் போட்டுக்கொண்டே இருக்கும். சார் பார்த்தது உலகம்மாளை. முப்பத்தாறு வயது இருக்கும், எட்டு வயதிலிருந்து சுற்றுகிறாள், ஒரு நாளைக்கு ஆயிரம். அவள் முறத்திலிருந்து இருபது பீடியை எடுத்து, சட்டைப்பையிலிருந்து அளவுமானியை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தார். ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

"கொம்பையா, இதான். இந்தப் பெருவிரல்தான்," என்றார். அவருக்குக் குரலே மாறிவிட்டது.

"பொம்பள வெரல இதுவரைக்கும் யாரும் வச்சதில்ல சார்," என்றேன். "அதுவும் பீடி வெரலு."

"அதனாலதான் நீங்க எல்லாம் இப்பிடியே இருக்கீங்க. துல்லியம்னா துல்லியம்தான். அது பீடியில இருந்தா என்ன, பிளேடுல இருந்தா என்ன?"

எனக்கு மனசுக்குள் ஒன்று உறுத்தியது. சாமிக்கண்ணுவின் நடுக்கமும் போகவில்லை, கால் அங்குலக்காரனின் திருட்டும் போகவில்லை, இவள் பீடி மட்டும் எங்கே போகும் என்று தோன்றியது, தோன்றியதை விழுங்கிவிட்டேன். தரகன் வாயை மூடிக்கொண்டால்தான் அவன் வீட்டு அடுப்பு எரியும்.

உலகம்மாளின் புருஷன் ரப்பர் பால் வெட்ட மலைக்கு அந்தப் பக்கம் போய் ஏழு வருஷம் ஆகிறது, திரும்பவில்லை. மகள் பேச்சித்தாய் ஒன்பதாவது படிக்கிறாள், வயதுக்கு வந்து ஒரு வருஷம். வீட்டுக் கதவைக் கரையான் தின்று, போன சாரல் மழைக்கு அது வாசலிலேயே விழுந்து மண்ணாகப் போனது. அதற்குப் பிறகு தன் கல்யாணச் சேலையை இரண்டாக மடித்து நிலையில் தொங்கவிட்டிருந்தாள், நாயும் வரும், வழி தப்பின குடிகாரனும் வருவான், வழி தப்பாத சிலரும் வருவார்கள், அவள் மகளை உள்ளே படுக்கவைத்துவிட்டு வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவாள் என்று தெருவே சொல்லும். பேச்சை முடிக்க மறுநாள் நான் போனபோது, தட்டுவதற்குக் கதவு இல்லாததால் சேலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். பேச்சித்தாய் சட்டென்று பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள்.

சார் கொடுக்க இருந்ததை எல்லாம் சொன்னேன். உலகம்மாள் இலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கொம்பையா அண்ணே," என்றாள் கடைசியில், "எனக்கு அதெல்லாம் வேண்டாம். ஒரு கதவு போட்டுத் தரச் சொல்லுங்க. உள்தாப்பாளோட. அந்த மெஷின்ல அறுக்கிற மொத மரம் எனக்குக் கதவா இருக்கணும்."

"பெறவு பீடி எப்பிடிச் சுத்துவ?"

"ஆள்காட்டி வெரலும் நடுவெரலும் இருக்குல்லா. ஐநூறாவது சுத்த மாட்டனா? புள்ள படிச்சு முடிக்கிற வரைக்கும் கதவு வேணும் அண்ணே. எனக்குத் தூங்கணும்."

குற்றாலிங்கம் சார் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். கதவுக்கென்று வேங்கைப் பலகை நாலு எடுத்துத் தனியாகச் சாத்தி, சாக்பீஸால் உலகம்மாள் என்று அதில் எழுதியும் வைத்தார். அதை அவளுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன்.

விரல் கொடுக்கிற அன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. மெஷினுக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, விரல் கொடுத்தவர் அன்றைக்குத் தன் கையால் சாப்பிடக்கூடாது என்பதால் வாங்குகிறவர் வீட்டுப் பெண் சர்க்கரைப் பொங்கலைக் கையில் உருட்டி முதல் வாய் ஊட்டிவிட வேண்டும், ஊட்டினால் இரண்டு வீடும் உறவு. அன்றைக்கு உலகம்மாள் தலைக்குக் குளித்து, வெளுத்த மஞ்சள் சேலையில் மாடிக்கு வந்தாள், வலது பெருவிரலில் மட்டும் மருதாணி வைத்திருந்தாள், மகள் வைத்துவிட்டதாம். மெஷினை ஓடவிட்டார்கள். அவள் கண்ணை மூடவில்லை. பிளேடு ஒரு தடவை உம் கொட்டியது போல ஒரு சத்தம், பிறகு பழையபடி ஓடியது. கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு "அவ்வளவுதானா?" என்றாள். செண்பகவல்லி அம்மாள் பொங்கலைக் கொண்டுவந்தார், அவளைத் தொட்டுவிடாமல் இருக்க ஐஸ்கிரீம் கடையில் கொடுக்கிற மரக்கரண்டி ஒன்றால் அதை எடுத்து அவள் வாய்க்கு நேரே தூரத்திலிருந்து நீட்டினார், உலகம்மாள் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டாள். நான் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் எனக்குப் புதிதல்ல, மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடும்.

அன்று பிற்பகலே சார் வேங்கைப் பலகையைத் தூக்கி மேஜையில் வைத்து, பென்சில் கோடு போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளே தள்ளினார். உலகம்மாள் படிக்கட்டின் கடைசிப் படியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் கோட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. பலகையை அவர் கையிலிருந்து பிடுங்கியது போல இழுத்து, இலை கனத்துக்கு, ஆமாம், பீடி இலை கனத்துக்கு, சீவிச் சீவிப் போட்டது, விழும்போதே ஒவ்வொரு சீவலும் தானாகச் சுருண்டு, முனை மடங்கி, ஒரே அளவில், ஒரே பருமனில், தரையில் பீடியாக விழுந்தது. வேங்கை மரப் பீடி. நாலு பலகையும் முடிந்து, அடுத்தாற்போல் சாத்தியிருந்த தேக்கில் பாதியும் முடிந்து, சரியாக ஆயிரம் ஆனதும் மெஷின் நின்றது.

சார் குனிந்து இருபதை எடுத்து அளந்தார், கை பழகிய தோஷத்துக்கு. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

மறுநாளும் ஆயிரம். அதற்கு மறுநாளும் ஆயிரம். ஈட்டி மரத்தைப் போட்டார், பலாவைப் போட்டார், பிளேடை மாற்றினார், திருகை முறுக்கினார், நாணயத்தை நிறுத்திப் பார்த்தார், அது கோபுரம் மாதிரி நின்றது. மெஷினில் ஒரு குறையும் இல்லை. டீக்கடையில் ஆட்கள் தேக்குப் பீடியைப் பற்றவைத்துப் பார்த்துவிட்டு, வாசனை பரவாயில்லை, நெஞ்சு கொஞ்சம் கமறுகிறது என்று சொன்னார்கள். நாலாம் நாள் சார் என்னை அனுப்பினார். தட்டுவதற்குக் கதவு இல்லாததால் சேலையை விலக்கிக்கொண்டு உள்ளே போய் உலகம்மாளைக் கூட்டிவந்தேன்.

"உன் விரலுக்கு நீயே சொல்லு," என்றார் சார். முகம் சிவந்திருந்தது. "நான் என்ன பீடிக் கம்பெனியா வச்சிருக்கேன்?"

உலகம்மாள் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரும்பு மேஜையைத் தன் நாலு விரலால் தடவினாள். காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"ஒரே ஒரு கதவுதான் தாயி. அதுக்கு மேல கேக்க மாட்டேன். இந்தா பாரு, இது பலகை, இது இலை இல்ல. நேரா இழு. பேச்சிக்குத்தான் கதவு. ஒன்னால முடியும், என்ன?"

சார் ஒரு பலகையைத் தள்ளினார். மெஷின் தயங்கியது. பிளேடு மெதுவானது, நான் சத்தியமாகச் சொல்கிறேன், அது கேட்டுக்கொண்டிருந்தது, பென்சில் கோட்டில் ஒரு முழம் நேராகப் போனது, உலகம்மாள் "அப்பிடித்தான், அப்பிடித்தான்" என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள், பிறகு கோணியது, நடுங்கியது, வழி தெரியாத ஊரில் இறக்கிவிட்ட ஆளைப் போல நின்ற இடத்திலேயே நின்றுவிட்டு, தெரிந்ததைச் செய்தது. முன்னைவிட அழகாக ஒரு பீடி விழுந்தது.

"அதுக்கு வேற ஒண்ணும் தெரியாது சார்," என்றாள் உலகம்மாள். "அத வேற எதயும் தொட யாரு விட்டா?" சொல்லிவிட்டு அழுதாள். விரல் போன அன்றைக்கு அவள் அழவில்லை.

"அப்பக் கதவு?" என்று நான்தான் கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம்.

"மெஷின்ல அறுக்கிற மொத மரம்னு தானே பேச்சு," என்றார் சார். "அறுத்தாச்சே. அள்ளிட்டுப் போகச் சொல்லு." அவர் ஒன்றும் பொய் சொல்லவில்லை, முதல் ஆயிரமும் ஒரு சாக்கில் கட்டி ஓரத்தில் இருந்தது. உலகம்மாள் அந்தச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். அவள் கதவு அதற்குள் இருந்தது, ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாமல்.

ஒரு வாரத்தில் செய்தி பீடிக் கம்பெனிக்குப் போய்விட்டது. கம்பெனி பெயரைச் சொல்லி நான் ஏன் பொல்லாப்பைத் தேடவேண்டும், பெரிய கம்பெனி, ஊருக்கு வடக்கே காம்பவுண்டு சுவரும் இரும்பு கேட்டும் உள்ளது. அவர்கள் ஆள் ஒருவர் ஒரு கட்டு நிஜ இலையும் ஒரு பை தூளும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார், மெஷின் வீட்டுக்கு வந்த பிள்ளை போலச் சிரித்துக்கொண்டு ஓடியது என்றுதான் சொல்லவேண்டும், அவர் சிகரெட் ஒன்றைப் பிடித்து முடிப்பதற்குள் ஆயிரம் பீடியைச் சுற்றிப் போட்டுவிட்டு நின்றது. ஆயிரத்துக்கு மேல் ஓடாது என்று சார் வருத்தத்தோடு சொன்னார். அந்த ஆள் சிரித்தார். அவர் இருபது வருஷம் கீழத்தெருவில் பீடி வாங்கின ஏஜெண்டு. மேஜைப் பக்கம் குனிந்து, வாரக்கடைசியில் வழக்கமாகச் சொல்கிற குரலிலேயே, "உலகம்மா, இன்னும் ஒரு ஆயிரம் கூடப் போட்டுக் குடு தாயி," என்றார். மெஷின் மறுபடி ஓடியது. அவள் ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லையே.

மெஷினை விலை பேசி வாங்கி, பூமாலை போட்டு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாதம் முடிவதற்குள் கீழத்தெருவுக்கு இலை வருவது நின்றது. நாற்பத்து மூன்று வீட்டில் முறம் சுவரில் தொங்கியது. கம்பெனி வாசலில் போய்க் கேட்க யாருக்கும் தோன்றவில்லை, கம்பெனி தூரத்தில் இருக்கிறது, உலகம்மாள் வீடு பக்கத்தில் இருக்கிறது, அதற்குக் கதவும் இல்லை. வீட்டில் மிச்சமிருந்த பீடித்தூளை வாரிக்கொண்டு வந்து சேலையை ஒதுக்கி அவள் சமைத்து வைத்த சோற்றில் போட்டுவிட்டுப் போனார்கள். "எங்க வீட்டு ஒலையில மண்ணப் போட்டுட்டு ஒனக்குக் கதவு கேக்குதா கதவு?" என்று கேட்டவள் அவளோடு ஒரே நாளில் பீடி சுற்றக் கற்றுக்கொண்ட சிநேகிதி. உலகம்மாள் சோற்றைக் கழுவி மகளுக்குக் கொடுத்தாள் என்று பேசிக்கொண்டார்கள்.

முதல் செவ்வாய் வந்தது. ரேகைக் கருவி மில் மில்லாகப் போய்க் கடைசியில் கம்பெனி கேட்டுக்குப் போனது, பின்னால் உலகம்மாள் ஒருத்திதான், சாக்குப்பையோடு. வெளியாட்களை உள்ளே விட உத்தரவில்லை என்றார் வாட்ச்மேன். உள்ளே இருப்பது என் விரல் என்றாள். விரல் கம்பெனி வேலையாக இருக்கிறது, நடுவில் எழுப்ப முடியாது என்றார் அவர், அவரும் கெட்டவர் இல்லை, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டின் கம்பிக்குள் கையைவிட்டு அவள் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று ரேஷன் கடைக்காரர் சொன்னார், என்ன பேர் என்று நான் கேட்டேன், அவள் பேரேதான் என்றார். அந்த மாதம் அரிசி இல்லை. அடுத்த மாதமும் இல்லை.

குற்றாலிங்கம் சாருக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார், அவர் நோட்டில் புதுப் பக்கம் திருப்பியிருந்தார். கம்பெனிக்காரர்கள் கொடுத்ததில் இன்னொரு மெஷின் வந்து மாடியில் இறங்கியிருந்தது, பதினாறு அங்குலச் சக்கரம், நாணயம் அரை மணி நேரம் நிற்கிறது. என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"தப்பு என்மேலதான் கொம்பையா. ஒத்துக்கிறேன். பழகின விரலை வாங்கினதுதான் தப்பு. எந்த விரலை வாங்கினாலும் அதுக்குள்ள ஒரு வாழ்க்கை இருக்கு, அது வெளிய வந்துருது. இந்தத் தடவை எதுவும் பழகாத விரலா வேணும். இளசா. நானே அதுக்குக் கத்துக் குடுத்துக்கிறேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொம்பளைக்கு ஒரு பொண்ணு இருக்குல்ல? படிக்கிற பிள்ளைதானே, வேற ஒண்ணும் தெரியாதே. அம்மா கைத் துல்லியம் ரத்தத்துல இருக்கும். கதவு பாக்கி இருக்குன்னு அவளுக்கும் மனசுல இருக்கும். ரெண்டும் ஒண்ணா முடிஞ்சிரும்."

நல்ல யோசனை என்று என் வாய் சொன்னது. அதை நான் பிடித்து நிறுத்தவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழத்தெருவுக்குப் போனேன். எந்த வாசலிலும் ஆள் இல்லை. உலகம்மாள் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டாள், நான் யார், எதற்கு வருவேன் என்று அவளுக்கு ஒருவர் சொல்லவேண்டியதில்லை. "ஏட்டி, நோட்ட மூடிட்டுக் கையப் பாவாடைக்குள்ள வையி," என்று உள்ளே பார்த்து அவள் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு வாசலை உள்ளிருந்து மறைத்துக்கொண்டு, அந்தக் கல்யாணச் சேலையின் இரண்டு ஓரங்களையும் நிலையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இடது பக்கம் நின்றது. வலது பக்கம் நாலு விரலுக்கு நிற்கவில்லை, நழுவியது, பிடித்தாள், மறுபடி நழுவியது, மறுபடி பிடித்தாள். சார் இந்தத் தடவை கதவை முதலிலேயே கொண்டுவந்து மாட்டிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார் என்று நான் சேலையைப் பார்த்துச் சொன்னேன், உள்தாழ்ப்பாளோடு என்றும் சொன்னேன். துணிக்குப் பின்னால் மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. ஒரு கதவு இருந்திருந்தால் நான் தட்டியிருப்பேன், அவர்கள் திறக்காமல் இருந்திருப்பார்கள், நானும் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பியிருப்பேன். தட்டுவதற்குக் கதவு இல்லாததால் சேலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.